காத்திருந்த நேரத்துக்கும் கணக்கு வேண்டும்

(உத்திரமேரூர் வட்டாரக் கிராமவாசிகளுக்கான பிரசங்கம்)



உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலுள்ள சாசனங்களைப் பற்றி இந்தத் தாலுகாவில் கேள்விப்படாதவர் இரார். முதலாம் பராந்தக சோழனுடைய 12-வது, 14-வது ஆட்சி வருஷங்களில், அதாவது கி.பி. 919-லும் 921-லும், உத்தரமேரு சதுர்வேதிமங்கலத்துச் சபையார் செய்துகொண்ட ஏற்பாடுகள் அவற்றில் வெட்டப்பட்டிருக்கின்றன. 30 குடும்புகளிலும் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்து, சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியவற்றிற்கு அங்கத்தினரைத் தெரிந்தெடுத்த விவரத்தைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சொல்லுவார்கள். 2020 டிசம்பரில் டில்லியில் புதிய பார்லிமெண்டுக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் இட்டபொழுது பிரதம மந்திரியும் இந்தச் சாசனத்தை எடுத்துக் கூறினார். ஆனால் குடவோலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதே சாசனத்தின் மற்றொரு பகுதியை வாசிக்காமல் விட்டுவிடுகிறார்கள். முன்பு ஏதேனும் ஒரு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவனுடைய பெயர் ஓலையில் எழுதப்படலாகாது என்பதே அந்தப் பகுதி. அவன் பெயர் மட்டுமன்று; அவனுடைய நெருங்கிய உறவினர் பெயர்களும் குடத்தில் இடப்படலாகாது என்று உறவு முறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லித் தடுத்திருக்கிறார்கள். கணக்கு எழுதுகிறவனும் தன் கணக்கை வாரியத்துப் பெருமக்களிடம் ஒப்புவித்த பிறகே மறுபடியும் அந்த வேலைக்கு வரலாம்.

அந்தச் சபை ஊரார் அனைவருடைய சபையன்று என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் உள்ள, 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குட்பட்ட பிராமண ஆடவருக்கே அதில் இடமிருந்தது. ஏரியை வெட்டியவனுக்கும் நாற்று நட்டவளுக்கும் அங்கே குரல் இல்லை. அப்படியிருந்தும், பொதுக் காரியத்தை ஏற்றவன் கணக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவன் என்ற விதி மட்டும் எக்காலத்துக்கும் உரியது. இன்று எல்லாருக்கும் வாக்கு உண்டு. எல்லாரும் வாக்களித்து நடக்கும் சர்க்காரின் வைத்தியசாலைக்கும் இந்த விதி பொருந்துமா என்பதே இங்கே ஆராயப்படுவது.

வைத்தியசாலை என்பதும் இப்பிரதேசத்துக்குப் புதிதன்று. உத்திரமேரூருக்கு வடகிழக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்று கூடும் திருமுக்கூடலில், வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துச் சாசனம் ஒன்று இருக்கிறது. அவ்வரசன் ஆண்டது கி.பி. 1063 முதல் 1070 வரை. கோயிலைச் சார்ந்த கல்விச்சாலை மாணவருக்கும் பணியாளருக்கும் ஏற்பட்ட 'வீரசோழன்' என்னும் ஆதுலர்சாலையின் விவரம் அதில் காணப்படுகிறது. நோயாளிகளுக்குப் படுக்கை 15. வைத்தியர் ஒருவர், அறுவை செய்கிறவர் ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவந்து மருந்து காய்ச்ச இருவர், நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யப் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர், தண்ணீர் கொணர ஒருவர். இவர்களுடைய சம்பளம் நெல்லாகவும் காசாகவும் குறிக்கப்பட்டிருக்கிறது. ஒரு நோயாளிக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு அரிசி என்றும், ஒரு வருஷத்துக்கு இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகள் இன்னின்னவை என்றும் பெயர் பெயராகச் சொல்லப்பட்டிருக்கின்றன. வைத்தியருக்கு உதவியாள் இல்லையென்றாலும், ஒரு மருந்து தீர்ந்துபோயிற்று என்றாலும், குறை இன்னது என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிடலாம். எது இருக்க வேண்டும் என்று பகிரங்கமாக எழுதிவைத்தால்தானே எது இல்லை என்று கேட்க முடியும்?

பின்வந்த காலத்தின் வரலாறு நெடியது. சுருங்கச் சொன்னாற் போதும். சென்னை மாகாணத்தில் தல ஸ்தாபனங்கள் நாட்டுப்புற ஆஸ்பத்திரிகளை நடத்திவந்தன. 1939-இல் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் ஏற்பட்டது. இந்தியாவில் அவ்வகைச் சட்டங்களுள் அது முந்தியது. 1946-இல் போர் கமிட்டியார், பணம் கொடுக்கச் சக்தியில்லை என்ற காரணத்தால் எவருக்கும் வைத்தியம் மறுக்கப்படலாகாது என்னும் கொள்கையை முன்வைத்து, கிராமப் பகுதிகளில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் அமைக்கும்படி சிபார்சு செய்தார்கள். இப்பொழுது சமவெளிப் பிரதேசத்தில் ஏறக்குறைய 30,000 ஜனங்களுக்கு ஒரு நிலையம் என்பது தேசத்தின் அளவுகோல்.

இந்த நிலையங்களில் பணத்துக்குக் கணக்கு உண்டு, தணிக்கையும் உண்டு. மருந்துக்கும் கணக்கு உண்டு. 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நிறுவப்பட்ட பின்னர், ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ் புத்தகம் கொடுக்கப்பட்டு, இவ்வளவு ரூபாய் பெறுமான மருந்தைக் கிடங்கிலிருந்து பெறலாம் என்று வரம்பு குறிக்கப்பட்டது. எடுத்த மருந்து அதில் பற்று எழுதப்படும். மருந்துகள் மொத்தமாகக் கொள்முதல் செய்யப்பட்டுப் பரிசோதிக்கப்பட்ட பின்னரே அனுப்பப்படுகின்றன. இந்த ஏற்பாட்டைப் பிற ராஜ்யத்தாரும் வந்து பார்த்துக் கற்றுச் சென்றிருக்கிறார்கள். கணக்கு ஏற்பட்ட இடத்தில் ஒழுங்கும் ஏற்படும் என்பதற்கு இதைவிடச் சமீபத்தில் வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

கணக்கு இல்லாதது ஒன்றே ஒன்று. அது நோயாளி காத்திருந்த நேரம்.

கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருகிற ஒரு கூலிக்காரப் பெண்ணின் காலைப்பொழுதை எடுத்துக்கொள்ளலாம். சீட்டு வாங்க ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க இரண்டாவது வரிசை, ரத்தம் கொடுக்க மூன்றாவது, அதன் முடிவு வந்தபின் அதே டாக்டரிடம் மறுபடியும் நான்காவது, ஊசிக்கு ஐந்தாவது, மாத்திரைக்கு ஆறாவது. அன்றைய கூலி போயிற்று. கைக்குழந்தை உடன் வந்திருந்தால் அதற்குப் பாலும் தூக்கமும் போயின. மருந்து இலவசம் என்பது உண்மை. ஆனால் ஒரு நாள் கூலியை இழந்து பெற்ற மருந்தை இலவசம் என்று அவள் வீட்டில் எவரும் சொல்லமாட்டார்கள். அவள் எத்தனை மணிக்கு வாசலுக்கு வந்தாள், எத்தனை மணிக்கு டாக்டர் பார்த்தார், எத்தனை மணிக்கு மருந்தோடு வெளியேறினாள் என்ற மூன்று நேரங்களும் ஒருங்கே எழுதப்பட்டு ஜனங்கள் பார்வைக்கு வைக்கப்படுவது பெரும்பாலும் வழக்கத்தில் இல்லை. மாதக் கடைசியில் நோயாளிகள் இத்தனை பேர் என்று மேலே போகிறது. பார்த்த தலைகளுக்குத்தான் எண்ணிக்கை. காத்துக் களைத்து, பார்க்காமலே திரும்பிப் போனவனுடைய தலை எந்த எண்ணிக்கையிலும் சேராது.

இனி, உள்ளே போனபின் கிடைப்பது எவ்வளவு? 2017-இல் பிரிட்டனில் வெளியாகும் ஒரு வைத்தியப் பத்திரிகையில் 67 தேசங்களைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்று பிரசுரமாயிற்று. டாக்டர் ஒரு நோயாளியோடு செலவிடும் நேரம் ஸ்வீடனில் சராசரி 22 நிமிஷத்துக்கு மேல். இந்தியாவில் ஏறக்குறைய 2 நிமிஷம். வங்காள தேசத்தில் 48 விநாடி. இது டாக்டர்களுடைய அசட்டையால் மட்டும் விளைந்ததென்று நினைப்பது அநியாயம். ஒரு டாக்டர் நாளொன்றுக்குக் குறைந்தது 40 நோயாளிகளைப் பார்க்க வேண்டும் என்பது ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குரிய தேசிய அளவுகோல். வெளி நோயாளர் பிரிவு காலையில் 4 மணி நேரமும் பிற்பகலில் 2 மணி நேரமும் நடக்க வேண்டும் என்றும் அதிலே கண்டிருக்கிறது. அந்த 40 பேரும் 6 மணி நேரத்தில் பரவி வந்தால் தலைக்கு 9 நிமிஷம் கிடைக்கும். 120 பேர் காலை 3 மணி நேரத்துக்குள் நெருக்கிக்கொண்டு வந்தால் ஒன்றரை நிமிஷந்தான். இரண்டாவது டாக்டர் அன்று முகாமுக்கோ, பள்ளிக்கூடப் பரிசோதனைக்கோ, ஜில்லா ஆலோசனைக் கூட்டத்துக்கோ போயிருந்தால், மீதியிருப்பவர் தலைமேல் இரண்டு பேருடைய பாரமும் விழுகிறது. பஸ் நேரம், டாக்டர் நேரம், ரத்தப் பரிசோதனை நேரம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தாமையே பாதி வரிசைக்குக் காரணம். கணக்கு எழுதினால் இது முதல் மாதத்திலேயே வெளிப்பட்டுவிடும். டாக்டருக்கும் அதனால் நன்மையே. ஆள் போதாது என்று மேலதிகாரிக்கு எழுதும்பொழுது அவர் கையில் ஓர் ஆதாரம் இருக்கும்.

வரிசையைக் குறைக்கும் வழிகளில் ஒன்று நோயாளியை வரவழைக்காமலே இருப்பது. 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி ஜில்லாவில் துவக்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தின்படி, ரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கப்படுகின்றன. மாதந்தோறும் மாத்திரைக்காக மட்டும் வந்து நின்ற கிழவர் ஒருவர் வரிசையிலிருந்து விலகினால், காய்ச்சற்காரக் குழந்தை ஒன்று அவ்வளவு முன்னதாக உள்ளே போகும். ஆனால் எந்தக் கிராமத்தில் இந்த மாதம் மாத்திரை வந்தது, எங்கே வரவில்லை என்பதற்கும் கணக்குக் கேட்க வேண்டியதுதான்.

சில வியாதிகளில் காத்திருப்பது அசௌகரியம். சிலவற்றில் அது மரணம். ஏரிப் பாசனமும் நெல் வயலும் நிறைந்த இப்பிரதேசத்தில் பாம்புக்கடியை நினைத்தாலே இது விளங்கும். கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியும் வீக்கமும் பெரும்பாலும் இரா. விடியற்காலையில் வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்கு வருகிறவனுக்கு இமை சோர்ந்து தொங்கினால், அவனைச் சீட்டு வரிசையில் நிறுத்துவது பெரும் பிழை. கண்ணாடி விரியன் கடித்தவனுக்கு ரத்தம் உறையாமற் போகும். அதைக் கண்டறியப் பெரிய யந்திரம் ஒன்றும் வேண்டாம். சுத்தமான கண்ணாடிக் குழாயில் சிறிது ரத்தம் எடுத்து 20 நிமிஷம் அசைக்காமல் வைத்துப் பார்த்தாற் போதும். உறையவில்லையானால் விஷமுறிவு மருந்தை உடனே ஏற்ற வேண்டும். அம்மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்களில் முக்கியமானவர்கள் பக்கத்துச் செங்கற்பட்டு ஜில்லா வடநெம்மேலியிலுள்ள இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் என்பது இவ்வூரார் பெருமைப்பட வேண்டிய சங்கதி. விஷம் இங்கிருந்து போய், மருந்தாகத் திரும்பி வந்து, அலமாரியில் இருக்கிறது. அலமாரிக்கும் நோயாளிக்கும் இடையில் கழிந்த நிமிஷங்கள் எத்தனை? 2024-இல் பாம்புக்கடியைத் தமிழ்நாட்டு சர்க்கார் கட்டாயமாக அறிவிக்க வேண்டிய நோயாக்கினார்கள். ஆகவே எண்ணிக்கை வரும். எண்ணிக்கையோடு இந்த நிமிஷங்களையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இன்னொரு காத்திருப்பு உண்டு. அது எந்த ஆஸ்பத்திரியின் வாசலுக்குள்ளும் நிகழ்வதில்லை. ஆரம்ப சுகாதார நிலையம் பொதுச் சுகாதார இயக்ககத்தைச் சேர்ந்தது. தாலுகா ஆஸ்பத்திரியும் ஜில்லாத் தலைமை ஆஸ்பத்திரியும் மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இயக்ககத்தைச் சேர்ந்தவை. செங்கற்பட்டு வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரி மருத்துவக் கல்வி இயக்ககத்தைச் சேர்ந்தது. ஆக இயக்ககங்கள் மூன்று, நோயாளி ஒருவன். கிராம நிலையத்திலிருந்து உத்திரமேரூருக்கும், அங்கிருந்து காஞ்சிபுரத்துக்கும், அங்கிருந்து செங்கற்பட்டுக்கும் அவனை அனுப்பினால், ஒவ்வோர் இயக்ககமும் தன் வாசலில் நடந்ததை மட்டுமே எழுதிக்கொள்ளும். வழியில் போன நேரம் எவருடைய பேரேட்டிலும் ஏறாது. 2008 முதல் 108 வண்டிகள் ஓடுகின்றன; வண்டி போய்ச் சேர்ந்த இடத்தில் படுக்கை காலியாக இருக்குமா என்பதை அனுப்புகிறவர் முன்கூட்டி விசாரித்து எழுதி அனுப்பாவிடில், வண்டியின் வேகத்தால் பயன் பாதிதான்.

இந்த அலைச்சலைப் பற்றிச் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பே சொல்லியிருக்கிறது. 1992 ஜூலை 8-ஆம் தேதி மேற்கு வங்காளத்தில் விவசாயத் தொழிலாளி ஒருவர் ரயிலிலிருந்து விழுந்து தலையில் பலத்த காயமடைந்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வசதியில்லை என்றார்கள். அதற்கு மேற்பட்ட சர்க்கார் ஆஸ்பத்திரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுக்கை இல்லை என்றும், சிகிச்சைக்குச் சாதனம் இல்லை என்றும் திருப்பியனுப்பின. முடிவில் தனியார் ஆஸ்பத்திரியில் ஏறக்குறைய 17,000 ரூபாய் செலவழித்து அவர் பிழைத்தார். அவரும் அவர் அங்கம் வகித்த விவசாயத் தொழிலாளர் சங்கமும் வழக்குத் தொடுத்தார்கள். 1996 மே மாதத்தில் கோர்ட்டார், தக்க சமயத்தில் சிகிச்சை அளிக்கத் தவறியது அரசியல் சட்டத்தின் 21-வது ஷரத்து காக்கும் உயிர் வாழும் உரிமையை மீறியதாகும் என்று தீர்மானித்து, 25,000 ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் செய்தார்கள். பணமில்லை என்று சர்க்கார் இந்தக் கடமையைத் தட்டிக்கழிக்க முடியாது என்பதும் அத்தீர்ப்பில் உண்டு. விசாரணைக்குப் பிறகு அந்த ராஜ்ய சர்க்கார் தன் ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பிய உத்தரவு எது என்பது இங்கே மிகவும் கவனிக்கத்தக்கது. நோயாளி வந்த தேதியும் நேரமும், பரிசோதித்த நேரமும், சேர்த்த நேரமும் ரிஜிஸ்தரில் தெளிவாக எழுதப்பட வேண்டும் என்பதே அது. அவ்வளவு பெரிய வழக்கின் பலன் கடிகாரத்தைப் பார்த்து ஒரு வரி எழுதுவதில் வந்து நின்றது.

பணம் கொடுத்து வைத்தியம் பெறுகிறவன் குறை கண்டால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம். எல்லாருக்கும் இலவசமாகவே வைத்தியம் செய்யும் ஆஸ்பத்திரி அந்தச் சட்டத்துக்கு உட்படாது என்று சுப்ரீம் கோர்ட்டு 1995-இல் தீர்ப்பளித்தது. ஆகவே ஏழை நோயாளிக்கு அந்தக் கதவு அடைத்திருக்கிறது. அவனுக்குப் பொதுக் கணக்கைவிட வேறு துணை குறைவு.

கணக்கு ஏற்பட்டுவிட்டால் எல்லாம் நேராகிவிடும் என்று சொல்வதும் தவறு. இங்கிலாந்தில் 2000-ஆம் வருஷத் திட்டத்தில், அவசரப் பிரிவுக்கு வருகிறவர் எவரும் 4 மணி நேரத்துக்கு மேல் அங்கே காக்க வைக்கப்படலாகாது என்று விதித்து, ஆஸ்பத்திரி வாரியாக எண்ணிக்கை வெளியிட்டார்கள். காத்திருப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் சில இடங்களில் நோயாளியை உள்ளே விட்டால்தான் கடிகாரம் ஓடும் என்பதற்காக வண்டியிலேயே வாசலில் நிறுத்திவைத்தார்கள் என்ற புகாரும் எழுந்தது. பிற்காலத்தில் பணமும் படுக்கையும் போதாமல் 2015-க்குப் பிறகு தேச முழுமைக்கும் அந்த அளவு எட்டப்படவில்லை. எனினும் எட்டப்படவில்லை என்பது அந்நாட்டுப் பாமரனுக்கும் மாதந்தோறும் தெரிகிறது. பார்லிமெண்டில் அதைச் சொல்லியே மந்திரியைக் கேள்வி கேட்கிறார்கள். எழுதும் நேரம் வாசலில் தொடங்க வேண்டும், மேஜையில் அன்று என்பதே அங்கிருந்து கற்க வேண்டியது.

கிராமத்தார் செய்யக்கூடியது இனிக் கூறப்படும். கிராம சபைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தின் மேல் உத்தரவிடும் அதிகாரம் இல்லை. கேட்கும் அதிகாரமும் தீர்மானம் செய்யும் அதிகாரமும் உண்டு. 2022 முதல் தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு தினங்களில் சபை கூட வேண்டுமென்று ஏற்பாடு. (உத்திரமேரூர் ஊர் இப்பொழுது பேரூராட்சியாகிவிட்டபடியால், சாசனத்தால் புகழ்பெற்ற அந்த ஊரில் கிராம சபை கூடுவதில்லை, சுற்றுக் கிராமங்களுக்கே அந்தப் பாக்கியம்.) ஒரு சபைக்கும் அடுத்த சபைக்கும் இடையில், ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறவர்கள் தங்கள் சீட்டின் பின்புறத்தில் மூன்று நேரங்களைக் குறித்துக்கொண்டு வரட்டும்: வந்தது, டாக்டர் பார்த்தது, மருந்து வாங்கியது. எழுதத் தெரியாதவருக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதிக் கொடுக்கும். சுய உதவிக் குழுப் பெண்கள் இச்சீட்டுகளைச் சேர்த்து வைக்கலாம். நோயின் பெயர் வேண்டாம். அது அவரவர் அந்தரங்கம். ஐம்பது சீட்டுகள் சேர்ந்தால் போதும், எந்தக் கிழமையில் எந்த வரிசையில் நேரம் போகிறது என்பது புலப்படும். நிலையத்து வைத்திய அதிகாரியையும் கிராமச் செவிலியரையும் சபைக்கு மரியாதையாக அழைத்து, கணக்கை அவர்கள் முன்னே வாசித்து, அவர்கள் சொல்லும் காரணங்களையும் தீர்மானத்தில் சேர்த்து எழுத வேண்டும். குற்றஞ்சாட்டும் தொனி உதவாது. அடுத்த வாரமும் அவரிடந்தான் ஊசி போட்டுக்கொள்ளப் போக வேண்டும் என்பது ஊராருக்குத் தெரியாததன்று.

தீர்மானத்தின் நகல் ஜில்லா சுகாதார அலுவலருக்கும் கலெக்டருக்கும் போக வேண்டும். நிலையத்துக்கு மஞ்சூரான டாக்டர் இடங்கள் எத்தனை, அவற்றில் நிரம்பியவை எத்தனை, சென்ற மூன்று மாதத்தில் அவர்கள் வேறு வேலைக்கு அனுப்பப்பட்ட நாட்கள் எத்தனை, இங்கிருந்து மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டவர் எத்தனை பேர் என்ற நான்கு கேள்விகளையும் 2005-ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எவரும் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவருக்கு அதுவும் இல்லை. பதில் 30 நாளுக்குள் வர வேண்டும். ஒருவருடைய உயிரையோ சுதந்திரத்தையோ பற்றிய தகவலானால் 48 மணி நேரத்துக்குள். மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். 30 நாள் கழிந்தும் பதில் வராவிட்டால் அதே அலுவலகத்து மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதும்பொழுது அந்த ரசீதைக் காட்ட வேண்டியிருக்கும்.